அரை மில்லிமீட்டர்



எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா கான்கிரீட் கலவை மிஷின் ஓட்டுகிறவர். கதிர்காமத்தில் எங்கள் தெருவில் "பாலிடெக்னிக் படிக்கிற பையன்" என்றால் எஞ்சினைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று அர்த்தம். அந்த நினைப்பு எனக்கும் இருந்தது. அது போன கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

போன கார்த்திகையில் தண்ணீர் ஓஸ் பிய்ந்து, எஞ்சின் சூடேறி, ஹெட் வளைந்துவிட்டது. கேஸ்கெட்டும் போயிற்று. லேத் பட்டறையில் ஹெட்டின் அடிமுகத்தை அரை மில்லி சீவிக் கொடுத்தார்கள். எஞ்சின், கிர்லோஸ்கர் ஏவி 1. பல கல்லூரி ஆய்வகங்களில் நிற்கிற அதே 5 குதிரைத்திறன் டீசல்.

கடையில் இரண்டு கேஸ்கெட் இருந்தன. ஒன்று பழைய கனம், இன்னொன்று அரை மில்லி கூடுதல். "எதுடா வாங்கட்டும்?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

நோட்டை எடுத்தேன். சிலிண்டர் விட்டம் 80 மி.மீ., ஸ்ட்ரோக் 110 மி.மீ.; கொள்ளளவு 553 சி.சி. கம்ப்ரஷன் ரேஷியோ 16.5. ஆக, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சுகிற இடம் 35.7 சி.சி. டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. அந்தச் சின்ன இடத்தில் காற்று அமுங்கிச் சூடாவதால்தான் டீசல் பற்றுகிறது. 80 மி.மீ. வட்டத்தில் அரை மில்லி என்றால் 2.5 சி.சி. "ஹெட்டைச் சீவினதால இடம் கொறைஞ்சிருக்கும்பா. ரேஷியோ 17.7 ஆயிடும். கனமானதே வாங்கு" என்றேன்.

வழக்கமாக அப்பா ஈயக் கம்பி வைத்துப் பார்த்துத்தான் ஹெட்டை மூடுவார். அன்று பார்க்கவில்லை. பையன் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டானே!

மறுநாள் ஒரு வீட்டுக்குத் தளம் போடுகிற வேலை. ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றித் தோள் விட்டுப்போனது. வெள்ளைப் புகைதான் வந்தது. சித்தாள் அக்காக்கள் ஜல்லிமேல் உட்கார்ந்து எங்களையே பார்த்தார்கள். பத்து மணிக்கு மேஸ்திரி வேறு மிஷின் வரவழைத்துவிட்டார். அப்பாவுக்கு அன்றைய கூலி இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று ராத்திரி ஹெட்டைக் கழற்றினார். பிஸ்டன் தலைமேல் ஈயக் கம்பித் துண்டுகளை வைத்து, ஹெட்டை முடுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றினார். நசுங்கின ஈயத்தை என் வெர்னியரில் அளந்தேன். இருக்க வேண்டியதைவிட அரை மில்லி கூடுதல்.

அப்பா ஹெட்டைத் திருப்பிக் காட்டினார். "இதுல பள்ளம் எங்கடா இருக்குது? தட்டையாத்தான இருக்குது. பள்ளம் பிஸ்டன்ல இருக்குது. இதைச் சீவினா உள்ள எடம் எப்படிடா கொறையும்?"

வாயடைத்துப் போனேன். பெட்ரோல் எஞ்சினில் எரியறை பெரும்பாலும் ஹெட்டில் குடைந்திருக்கும். அதைச் சீவினால் இடம் குறையும். அந்தக் கணக்கை இங்கே போட்டுவிட்டேன். குறையாத இடத்துக்குக் கனம் கூட்டியதில் 35.7 சி.சி. 38.2 ஆகி, ரேஷியோ 15.5-க்கு இறங்கிவிட்டது. மழைக்காலக் காலை, தேய்ந்த ரிங் வேறு. சூடு எங்கிருந்து வரும்?

"வால்வு?" என்று கேட்டேன். முகத்தைச் சீவினால் வால்வு தலை பிஸ்டனுக்குக் கிட்டே வந்துவிடுமே! அப்பா நிமிர்ந்து பார்த்தார். "அது சரி" என்றார். வால்வு சீட்டை ஆழப்படுத்திய பிறகு பழைய கனத்துக் கேஸ்கெட்டைப் போட்டோம். இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

தோழர்களே, சூத்திரத்தில் தப்பு இல்லை. ஹெட்டைத் திருப்பிப் பார்க்காமலே கணக்குப் போட்டது என் தப்பு. ஆய்வகத்தில் அந்த எஞ்சினிடம் நிற்கும்போது, ஒருமுறை ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் இனிமேல் கேட்பேன். நசுங்கின அந்த ஈயத் துண்டு என் தெர்மல் நோட்டில் ஒட்டியிருக்கிறது.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்