ரப்பர் கொட்டை

1958இல் டென்மார்க்கில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த லெகோ கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும். பத்தாங் காலி தோட்டத்தில் எங்களுக்கு வாய்த்தது ரப்பர் கொட்டை. மரத்துக்கு மரம் அதன் வடிவம் மாறும். மேல், கீழ், பக்கம் என மூன்று ஓட்டை போட்டு, உள்ளே பருப்பைக் குடைந்து எடுக்கணும். ஊடே ஒரு குச்சி; அதில் கட்டிய நூல் பக்க ஓட்டை வழியே வெளியே வரும். குச்சியின் உச்சியில் மூங்கில் பட்டை. நூலைச் சுற்றி, இழுத்துத் தளர்த்தினால் பட்டை சுழலும். அந்த வேகமே நூலைத் திரும்பச் சுற்றிக்கொள்ளும். பட்டை ஒரு பக்கம் கனத்தால் ஆடும். "இன்னும் கொஞ்சம் சீவுடா" என்பார் தாத்தா.

பால் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயத்துச் சனம் டவுனுக்குப் போய்விட்டது.

லெகோவில் ஒரு துண்டு தொலைந்தால் என் மகன் கட்டுவதையே நிறுத்திவிடுகிறான். துண்டையும் நாமே செய்துக்கலாம்னு அவனுக்குக் காட்ட, எனக்கு ஒரு கொட்டை வேணும்.