‘டு’வா... ‘பை’யா?

மினி புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள். ரிப்போர்ட் பைண்டிங்குக்கு ஓடுற அவசரத்துல ரூம்மேட்டுக்கு ஒரு சீட்டு எழுதி வெச்சேன்... ‘ரெட்யூஸ் த வோல்டேஜ் பை 5 வோல்ட்ஸ்.’

பவர் சப்ளையில் இருந்தது 12 வோல்ட். பய அதில் 5-ஐக் கழிச்சு 7 வெச்சுட்டான். 5 வோல்ட்டில் ஓட வேண்டிய மைக்ரோகன்ட்ரோலர் சூடாகி, கருகல் வாசனை வந்து... காலி!

‘‘கான்வென்ட்ல படிச்சவனுக்கு இதுகூடத் தெரியாதாடா?’’னு லேப்ல எல்லார் முன்னாடியும் கத்தினேன். அவன் பேசலை. சீட்டை மட்டும் நீட்டினான். ‘டு’ போட்டிருந்தா, 5 வோல்ட்டாகக் குறைனு அர்த்தம். நான் போட்டிருந்த ‘பை’க்கு, இருக்கிறதில் 5 வோல்ட்டைக் குறை!

தமிழில் ஓர் ‘ஆக’ சேர்த்தால் முடிஞ்சது. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் நான். ப்ரெப்பொசிஷன்னா கோடிட்ட இடத்தை நிரப்புற சமாச்சாரம், போனா ஒரு மார்க்னு இருந்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரி டிக்‌ஷனரியைப் புரட்டினா, அங்கேயும் அடி. ‘ஷவுட் டு’ன்னா, தூரத்தில் இருக்கிறவங்களுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிடுறது. ‘ஷவுட் அட்’னா, கோபத்தில் ஒருத்தர் மேல பாயுறது. நான் செஞ்சது ரெண்டாவது.

புது சிப்புக்கு அவனும் பாதிக் காசு போட்டான். ரிவ்யூவும் முடிஞ்சது. ஆனா, ‘உம்’முக்கு மேல இன்னும் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான்.