எச்.பி.வி.யும் ஒரு சஸ்பென்ஸ் என்ட்ரியும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். முடிச்சுட்டு பாங்குல குப்பை கொட்டுறவன். மருந்து விஷயத்துல என்னை நம்பாம உங்க டாக்டரைக் கேளுங்க. தங்கமணி படிச்சுப் பார்த்து சரின்னு தலையாட்டின பிறகுதான் இதைப் போடுறேன். மூணு மாசமா டிராஃப்டுலயே கிடந்தது.

2025 மார்ச். இயர் எண்டிங் களேபரத்துல ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் கவனிச்சேன். இடுப்புக்குக் கீழே ரெண்டு சின்ன மரு. எங்கேன்னு விளக்கமாச் சொல்ல வேண்டாம்னு நினைக்கிறேன். வலி இல்லை, அரிப்பு இல்லை. பவுடரைப் போட்டுட்டு விட்டுட்டேன். மே மாசம் பார்த்தா அது அஞ்சாயிடுச்சு.

எங்க பிராஞ்சுக்குப் பக்கத்துலயே ஒரு தோல் டாக்டர் இருக்கார். போர்டுல தோல், பால்வினை நோய், தொழுநோய்னு மூணையும் கொட்டை எழுத்துல போட்டிருப்பார். நம்ம லோன் கஸ்டமர் எவனாவது என்னை அந்த வாசல்ல பார்த்துட்டா? புனேல கோத்ரூட்ல வேலை பார்க்கிறவன், ஊரோட இன்னொரு கோடியில இருக்கிற ஹடப்சர் வரைக்கும் பஸ் மாறிப் போனேன். ரிசப்ஷன்ல என்ன பிரச்னைன்னு கேட்டதுக்கு "அலர்ஜி"ன்னு சொன்னேன். உள்ளே போனா லேடி டாக்டர்! ஓடிடலாமான்னு இருந்தது.

அந்தம்மா அரை நிமிஷம் பார்த்தாங்க. "எச்.பி.வி." அவ்வளவுதான், ஏதோ ஜலதோஷம்னு சொல்ற மாதிரி. நான் கேள்விப்பட்ட பேர்தான். ஆனா அது பொம்பளைங்க சமாச்சாரம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சம்பந்தப்பட்டதுன்னு நினைச்சிருந்தேன். அந்த வைரஸ்ல 200க்கும் மேற்பட்ட வகை இருக்காம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ல சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18ங்கிற ரெண்டு வகை காரணம். என்னை மாதிரி மருவோட வர்ற கேஸ்ல பெரும்பாலும் 6, 11. இது ரெண்டும் புற்றுநோயா மாறுற ஜாதி இல்லை. ஆனா ஆம்பளைக்கும் 16ஆம் நம்பர் ஒட்டும். ஆண்குறியிலயும் ஆசனவாயிலயும் தொண்டையிலயும் அது புற்றுநோய் கொண்டு வரலாம். தோலும் தோலும் உரசினாலே பரவும்ங்கிறதால காண்டம் போட்டாலும் ஆபத்து குறையுமே தவிர சுத்தமா போகாது.

சரி, மருந்து? அந்த வைரஸைக் கொல்ற மருந்தே கிடையாதாம். பெரும்பாலானவங்களுக்கு உடம்பே ஒண்ணு ரெண்டு வருஷத்துல அதை அடக்கிடும். டாக்டரால முடிஞ்சது மருவை எடுக்கிறது மட்டும்தான். திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. பஞ்சு சுத்தின குச்சியில தொட்டு வைக்கிறாங்க. குளிர் இப்படிச் சுடும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கொப்புளம் கிளம்பி, கறுத்து, உதிரும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நாலு தடவை போனேன். நடுவுல ஒண்ணு திரும்ப முளைச்சது. அதுக்கு இமிக்விமோட்னு ஒரு கிரீம், வாரத்துல மூணு ராத்திரி தடவி காலையில கழுவணும்.

இதெல்லாம் பெரிய விஷயமே இல்லைங்க. பெரிய விஷயம், இது யார்கிட்டேருந்து வந்ததுங்கிற கேள்வி.

பாங்க்காரன் புத்தி. எந்த என்ட்ரியா இருந்தாலும் எதிர் என்ட்ரியைக் கண்டுபிடிக்காம தூக்கம் வராது. எனக்குக் கல்யாணம் 2007ல. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, ராய்ப்பூர்ல முதல் போஸ்டிங்ல இருந்தப்ப ஒரு பொண்ணோட பழக்கம் இருந்தது. ஏழெட்டு மாசம். முடிஞ்சு போச்சு, தங்கமணிகிட்ட சொல்லவே இல்லை. இருபது வருஷம் கழிச்சு அது இப்படி வருமா? டாக்டரைக் கேட்டேன். வாரக்கணக்குலயும் வரலாம், வருஷக்கணக்கு கழிச்சும் வரலாம், யார் யாருக்குக் கொடுத்ததுன்னு எந்த டெஸ்டும் சொல்லாதுன்னாங்க. ஆம்பளைக்கு எச்.பி.வி. இருக்கான்னு பார்க்க அங்கீகரிச்ச டெஸ்டே கிடையாதாம். கடைசி வரைக்கும் டேலி ஆகாத என்ட்ரி. எங்க பாஷையில சொன்னா சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல கிடக்க வேண்டியதுதான்.

"உங்க மனைவிக்கும் சொல்லுங்க, முப்பது தாண்டின எல்லாப் பெண்களுக்கும் எப்படியும் பண்ண வேண்டிய டெஸ்ட் ஒண்ணு இருக்கு"ன்னு டாக்டர் சொன்னப்பதான் வயித்தைக் கலக்கிச்சு. அலர்ஜின்னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு ஞாயித்துக்கிழமை பசங்க டியூஷன் போனதும் எல்லாத்தையும் சொன்னேன். ராய்ப்பூரையும் சேர்த்து.

கத்துவாங்கன்னு எதிர்பார்த்தேன். கத்தலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "மருவைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லைங்க. பதினெட்டு வருஷம் சொல்லாம இருந்திருக்கீங்க பாருங்க, அது"ன்னாங்க. அப்புறம் ரெண்டு வாரம் எங்களுக்குள்ள பேச்சு எல்லாம் பசங்க வழியாத்தான். "அப்பாவை சாப்பிட வரச் சொல்லு." பசங்களுக்கு இது பழக்கம்ங்கிறதால கண்டுக்கலை.

டெஸ்டுக்கு நானும் கூடப் போனேன். எச்.பி.வி. டி.என்.ஏ. டெஸ்ட். "உங்களால எனக்கு டெஸ்ட், உங்களுக்கு டெஸ்டே கிடையாது, நல்ல நியாயம்"னு ஆட்டோல சொன்னாங்க. ரெண்டு வாரத்துல நேரடியா என்கிட்ட பேசின முதல் வாக்கியம் அது. சந்தோஷமாக்கூட இருந்தது. ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் தூங்கலை. இந்தியாவுல 2020ல மட்டும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால செத்தவங்க 77,000க்கு மேலன்னு எங்கேயோ படிச்சுத் தொலைச்சிருந்தேன். நல்லவேளை, நெகட்டிவ். அடுத்தது 2030ல.

இப்ப ஊசிக்கு வர்றேன். எனக்கும் ஒண்ணு போட்டுடுங்களேன்னு டாக்டர்கிட்ட கேட்டேன். சிரிச்சாங்க. ஊசி வராம தடுக்குமே ஒழிய, வந்ததைப் போக்காது. அமெரிக்காவுல 2018ல 45 வயசு வரைக்கும் அனுமதி கொடுத்திருக்காங்கதான், ஆனா வயசு ஏற ஏற பலன் குறைச்சல், அதுவும் புது உறவு எதுவும் இல்லாத ஆளுக்கு ரொம்பவே குறைச்சல்னாங்க. யோசிச்சா வேடிக்கையா இருக்கு. இந்த வைரஸைக் கண்டுபிடிச்ச ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு நோபல் கிடைச்சது 2008ல. அமெரிக்காவுலயே ஆம்பளைங்களுக்கு அனுமதி 2009லதான். நான் போட்டுக்க வேண்டிய வயசுல ஆம்பளைக்குன்னு ஊசியே கிடையாது. இப்ப நான் இருக்கிற இதே புனேல சீரம் இன்ஸ்டிட்யூட் செர்வாவாக்னு தயாரிச்சு 2023ல வெளியிட்டிருக்காங்க. 6, 11, 16, 18னு நாலு வகைக்கும் சேர்த்து. 9 வயசுலேருந்து 26 வரைக்கும், ஆணுக்கும் உண்டு.

பையனுக்கு 17, பொண்ணுக்கு 13. பதினஞ்சு வயசுக்குள்ளன்னா ரெண்டு டோஸ், அதுக்கு மேலன்னா மூணு. ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு போன பிப்ரவரியோட ரெண்டு பேருக்கும் முடிஞ்சது. நர்ஸ் பையனைப் பார்த்து "இவனுக்குமா?"ன்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. ஊசி போட்டதும் மயக்கம் வரலாம்னு பதினஞ்சு நிமிஷம் உட்கார வெச்சாங்க. "எதுக்குப்பா எனக்கு?"ன்னான். தங்கமணி என் முகத்தைப் பார்த்தாங்க. நானே சொன்னேன், எல்லாத்தையும் இல்லை, அவன் வயசுக்கு வேண்டியதை. காதெல்லாம் சிவந்து போய் மொபைலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தான்.

எங்க பிராஞ்சுல தேனிப்பக்கத்துப் பையன் ஒருத்தன் பி.ஓ.வா இருக்கான், வயசு 25. ஒரு நாள் டீ குடிக்கும்போது பேச்சுவாக்குல ஊசியைப் பத்திச் சொன்னேன். டம்ளரையே பார்த்துட்டு இருந்தான். அப்புறம் மெதுவா, "சார், ஏற்கெனவே பழக்கம் இருந்தவங்களுக்கு அது வேஸ்ட்டுங்களா?"ன்னான். வேஸ்ட் இல்லை தம்பி, நாலு வகையும் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது அபூர்வம், ஒட்டாததுக்குக் காவலா இருக்கும், 26 முடியறதுக்குள்ள ஒரு டாக்டரைப் பாருன்னேன். யாரு என்னன்னு நான் கேட்கலை.

அடுத்த வாரம் அரை நாள் லீவ் லெட்டரோட வந்து நின்னான். காரணம்ங்கிற இடம் காலியா இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.