வண்டி போயிருச்சு, டேக் மட்டும் நம்ம பேர்ல

ஃபாஸ்டேக் பத்தி எழுதப்போறேன்னு சொன்னதும் கிளாஸ்ல பக்கத்து பெஞ்ச்காரன் "வேற டாபிக்கே சிக்கலையாடா?"ன்னு கேட்டான். இன்கம்டாக்ஸ் பத்தி எழுதினப்பவும் இதையேதான் கேட்டான். அதனால அவனை விட்டுட்டு நாம மேட்டருக்குப் போவோம். வீட்டுல பழைய காரை வித்துட்டு வேற கார் வாங்குற ஐடியா இருக்குறவங்க கொஞ்சம் கவனமா படிங்க.

எங்க வீட்டுல போன தை மாசம் பழைய காரை வித்தோம். திண்டுக்கல் ஆர்.டி.ஓ.வுல பதிஞ்ச டி.என். 57 வண்டி. அப்பா பதினோரு வருஷம் ஓட்டினது. வாங்கினவர் வத்தலக்குண்டு பக்கம். நடுவுல ஒரு புரோக்கர். புது வண்டிக்கு ஷோரூம்லயே டேக் ஒட்டிக் குடுத்துட்டாங்க. 2017 டிசம்பர் 1-லேர்ந்து புது நாலு சக்கர வண்டியை டேக்கோடதான் விக்கணும்னு விதி, அதனால அது அவங்க தர்ற இலவசம்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க, பில்லுல எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்.

அப்பாவோட கேள்வி ரொம்ப சிம்பிள். "பழைய டேக்ல ஆயிரத்து சொச்சம் கிடக்கே, அதை உரிச்சு இதுல ஒட்டிக்கலாம்ல? சிம் கார்டு மாதிரிதானே?"

இல்லைங்க. இது சிம் கார்டு இல்ல, நம்மூர் பூட்டு மாதிரி. ஒரு சாவி ஒரு பூட்டுக்குத்தான். டேக்குக்குள்ள பேட்டரி எல்லாம் கிடையாது. ஒரு குட்டி சிப், ஒரு ஆன்டெனா, அவ்வளவுதான். சுங்கச்சாவடியில மேல மாட்டியிருக்குற ரீடர் ரேடியோ அலையை அனுப்பும், அந்த சக்தியிலயே சிப் முழிச்சு தன்னோட நம்பரைச் சொல்லும். அந்த நம்பர் எந்த வண்டியோடது, எந்த வகை, எந்த பேங்க்னு என்.பி.சி.ஐ. நடத்துற பொது சிஸ்டம்ல பதிவு இருக்கும். அங்க கேட்டுட்டுத்தான் பணம் எடுப்பாங்க. ஆக கண்ணாடியில ஒட்டுற ஸ்டிக்கர் முக்கியமில்லை, அந்தப் பதிவுதான் முக்கியம். அது ஒரு வண்டி நம்பரோட கட்டிப் போட்டது. இதுல உரிச்சா அந்த ஆன்டெனா கிழியுற மாதிரிதான் ஸ்டிக்கரையே செஞ்சிருக்காங்க.

"கார் டேக்கை கார்லதானே ஒட்டறேன், ரெண்டுக்கும் ஒரே கட்டணம்தானே"ன்னு சிலர் கேப்பாங்க. காசு கட் ஆகுறது நிஜம்தான். ஆனா கேமராவுல ஒரு நம்பர், பதிவுல வேற நம்பர். பிளாக்லிஸ்ட்ல போட்டாங்கன்னா ரெண்டு மடங்கு கட்டணும். (2025 நவம்பர் 15-லேர்ந்து யு.பி.ஐ.யில கட்டினா ஒண்ணேகால் மடங்கு. பணமா நீட்டினா டபுள்தான்னு அப்போ விதி.)

அப்போ பழைய டேக்கை என்னதான் பண்றது? பேங்க்ல சொல்லி மூடணும். மீதி பணமும், முதல்ல வாங்கின செக்யூரிட்டி டெபாசிட்டும் திரும்பி வரும். அந்த டெபாசிட்டை எத்தனை பேர் அப்படியே மறந்துட்டு வண்டியை விக்கறாங்களோ! காமர்ஸ் படிக்குற எனக்கு அதை நினைச்சாலே தூக்கம் வராது. சில பேங்க்ல ஒரே வாலட்டுக்குக் கீழ ரெண்டு வண்டி டேக்கும் இருக்கலாம், அப்படின்னா பணம் அங்கயே இருக்கும், பழைய டேக்கை மட்டும் மூடினா போதும். எங்களுக்கு ஷோரூம்ல குடுத்தது வேற பேங்க், அதனால அந்த வசதி இல்லை.

இங்கதான் புரோக்கர் அண்ணாச்சி வேலையைக் காட்டினார். "டேக்கெல்லாம் வண்டியோடவே போயிரும் சார், நான் பாத்துக்கறேன்"னாரு. அவர் பாத்துக்கிட்டது தன்னோட கமிஷனைத்தான். பத்து நாள்ல அப்பா போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்துச்சு. கொடைரோடு சுங்கச்சாவடியில பணம் கட். அடுத்து கப்பலூர். அதுக்கடுத்து எட்டூர்வட்டம்.

நான் அன்னிக்கே மூடிடலாம்னு சொன்னேன். அப்பா "இருக்கட்டும்டா"ன்னு இழுத்தார். அப்புறம்தான் புரிஞ்சுது. ஒவ்வொரு எஸ்.எம்.எஸ்.ஸும் வர்றப்போ "சாத்தூர் தாண்டிருச்சு போல"ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு இருக்கார். பதினோரு வருஷம் ஓட்டின வண்டி இப்போ எந்த ஊர்ல நிக்குதுன்னு தெரிஞ்சுக்க அவருக்கு ஒரு சந்தோஷம். காசு போனா போகுதுன்னு விட்டுட்டார். அம்மாவுக்குத்தான் கோபம். நான் நடுவுல மாட்டிக்கிட்டேன்.

ஆனா எனக்கு உறுத்தினது அந்தக் காசு இல்லை. அவரே ஒரு டேக் வாங்கியிருக்கணுமே, ஏன் வாங்கல? வாங்கினவருக்கு போன் போட்டேன்.

"அண்ணே, பழைய டேக்ல எங்கப்பா காசு போயிட்டு இருக்கு..."

"அப்படியா தம்பி! கேட்டு தானா தொறந்துச்சு, நான் புரோக்கர்தான் போட்டு வச்சிருக்காருன்னு நெனச்சேன். புது டேக்கு கேட்டேன், இந்த நம்பருக்கு ஏற்கனவே ஒண்ணு இருக்குன்னுட்டாங்க. ஆர்.சி.யும் உங்கப்பா பேர்ல இருக்குல்ல, அதான்."

ஆர்.சி. இன்னும் அப்பா பேர்லயா? தூக்கிவாரிப்போட்டுச்சு. அவர் நல்ல மனுஷன்தான், ஏமாத்தல, புரோக்கர் செய்வாருன்னு காத்திருந்திருக்கார். படிவம் 29, 30 ரெண்டுலயும் அப்பா கையெழுத்து போட்டுக் குடுத்தது அந்த புரோக்கரோட பையிலயே தூங்கிட்டு இருந்திருக்கு.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்குறவங்களுக்கு, வணிகச் சட்டம் பேப்பருக்காகப் படிக்கப்போய் கண்ணுல பட்ட ஒரு தீர்ப்பு. நவீன்குமார் எதிர் விஜய்குமார், உச்ச நீதிமன்றம், 2018. ஒருத்தர் காரை வித்துட்டார், அது அப்படியே கை மாறிக் கை மாறிப் போச்சு, யாரும் பதிவை மாத்தல. விபத்து நடந்துச்சு. நஷ்டஈடு யார் தர்றது? பதிவேட்டுல யார் பேர் இருக்கோ அவர்தான் உரிமையாளர், அவர்தான் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. வித்தேன், காசு வாங்கினேன், சாவி குடுத்தேன்னு சொன்னதெல்லாம் எடுபடல. மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள்ள வித்தா விக்கறவர் 14 நாளுக்குள்ள தகவல் குடுக்கணும். நாங்க அந்தக் கணக்கைத் தாண்டி எங்கயோ போயிருந்தோம்.

அப்பாகிட்ட இதைப் படிச்சுக் காட்டினேன். சாத்தூர் சந்தோஷம் அன்னிக்கோட முடிஞ்சுது. மறுநாளே வாங்கினவரை நேர்ல வரச்சொல்லி, ரெண்டு பேரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் புதுசா படிவம் குடுத்துட்டு வந்தாங்க. புரோக்கர் போனை எடுக்கல, அது வேற கதை.

டேக் மூடுறதுக்கு பேங்க்ல ஆர்.சி. நகலும் வித்ததுக்கு ஒரு கடிதமும் கேட்டாங்க. கஸ்டமர் கேர்ல இருபது நிமிஷம் பாட்டு கேட்டேன், நல்ல பாட்டுகூட இல்லை. ஒரு வாரத்துல மீதி 640 ரூபாயும் டெபாசிட் 200 ரூபாயும் அப்பா கணக்குக்கு வந்துருச்சு. வத்தலக்குண்டு அண்ணன் எட்டூர்வட்டம் வரைக்கும் போன காசைக் கணக்குப் பார்த்து அனுப்பி வச்சார், நாங்க கேக்கவே இல்லை.

புது வண்டிக்கு ஒரு வேலை பாக்கி. ஷோரூம்ல ஒட்டுற டேக் முதல்ல சேஸிஸ் நம்பர்லதான் இருக்கும். வண்டி நம்பர் வந்ததும் 90 நாளுக்குள்ள பேங்க்ல அதை ஏத்தணும், இல்லைன்னா முடக்கிடுவாங்க. அதை நான் முதல் வாரமே பண்ணிட்டேன்.

பி.கு. 1: டேக் சரியா இருந்து, காசும் இருந்து, அவங்க மெஷின் படிக்கலைன்னா பணம் கட்டாமலே போகலாம். 2018 மே மாசம் விதியில திருத்தம் கொண்டு வந்திருக்காங்க. ஜீரோ ரசீது கேட்டு வாங்குங்க. பின்னாடி நிக்கிற பஸ்காரர் ஹாரன் அடிக்கத்தான் செய்வார்.

பி.கு. 2: 2025 ஆகஸ்ட் 15-ல ஒரு வருஷ பாஸ் வந்துச்சுல்ல, 3000 ரூபாய்க்கு 200 தடவை? அதுவும் அந்த ஒரே வண்டிக்குத்தான். பாஸ் போட்டுட்டு ரெண்டே மாசத்துல வண்டியை மாத்துற ஐடியா இருந்தா, முதல்ல வண்டியை மாத்திட்டு அப்புறம் பாஸ் போடுங்க.