பென்சில் சீட்டு

திருக்கோவிலூர் வீட்டுப் பரணில் அப்பா விட்டுப்போன கண்ணாடிப் புட்டி ஒன்று இருந்தது. அவர் விலங்கியல் ஆசிரியர். உள்ளே ஒரு கைப்பிடி கடற்பஞ்சு. ஸ்பிரிட் பாதிக்கு மேல் வற்றிவிட்டது. மேலே ஒட்டிய சீட்டில் நீலக் கறைதான் மிச்சம். துண்டில் சுற்றிக்கொண்டு பண்ருட்டி, கடலூர் வழியாகப் பரங்கிப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

வெள்ளாற்று முகத்துவாரத்தில் 1961இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடல் உயிரியல் நிலையம் தொடங்கிய ஊர் அது. கடலுயிர்களைப் புட்டியில் அடைத்தே வயதான ஒரு பெரியவரைத் தேடிப் போயிருந்தேன். அவர் முதலில் அன்னங்கோவில் மீன்தளத்துக்குக் கூட்டிப்போனார். பெண்கள் உட்கார்ந்து இறால், கணவாய், நண்டு என்று கூடைகளுக்குப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மிஞ்சும் குவியல் காய்ந்து கோழித் தீவனமாகும். அதற்குள் கைவிட்டு ஒரு கடற்பஞ்சை எடுத்துக் கடல்நீர் வாளியில் போட்டார்.

வீட்டில் எனாமல் தட்டில் வைத்துக் கத்தியால் மெல்லக் கீறினார். ஒரு துளைக்குள்ளிருந்து அரிசி நீளத்தில் இறால் ஒன்று நழுவியது. இன்னொன்றில் நூல் போன்ற ஐந்து கைகளைச் சுருட்டியபடி ஒரு நொறுங்கு நட்சத்திரம். பஞ்சு அவற்றுக்கு வீடு.

“உடனே ஸ்பிரிட்ல போட்டா கையை உதிர்த்துடும் தம்பி. முதல்ல தூங்க வைக்கணும்.” தண்ணீரில் மென்தால் தூவிவிட்டுக் காத்திருந்தோம். ஃபார்மலின் நாளாக நாளாகச் சுண்ணாம்பு உடம்பை அரித்துவிடும், மரபணுவையும் சிதைக்கும் என்பதால் இவற்றுக்கு ஸ்பிரிட்தான்.

இப்படிப் புட்டியில் காப்பது பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கத்தான். மண்டபம் கடற்கரை மணலில் கிடைத்த 0.15 மில்லிமீட்டர் நீளப் புதிய நீர்க்கரடி இனத்துக்கு 2023இல் சந்திரயான் பெயரைச் சூட்டினார்கள். ஒன்றைப் புதிது என்று சொல்ல, பழையவற்றோடு ஒப்பிட்டாக வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் சென்னைக் கடலிலும் மன்னார் வளைகுடாவிலும் சேகரித்த பஞ்சுகளை விலங்கியலாளர் ஆர்தர் டெண்டி 1887இலும் 1889இலும் விவரித்தார். குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி அதே அருங்காட்சியகம் 1927இல் தனி வெளியீடே கொண்டுவந்தது. டெண்டி பெயரிட்ட மூல மாதிரிகள் பல லண்டனில் இருக்கின்றன. எனக்கு அதில் ஆற்றாமை உண்டு. ஆனாலும் 130 ஆண்டுகளுக்கு மேலாக ஸ்பிரிட் வற்றாமல் யாரோ ஊற்றி வந்திருக்கிறார்கள். அந்தக் கைகளை வணங்கத் தோன்றுகிறது.

அப்பாவின் புட்டியைக் கடைசியாகத்தான் நீட்டினேன். “எந்த ஊர்க் கடல், என்னைக்குன்னு தெரியலைன்னா ஒண்ணும் பண்ண முடியாதே” என்றபடி மூடியைத் திருகினார். இடுக்கியை விட்டுத் துழாவியபோது பஞ்சுக்கு அடியிலிருந்து மடித்த தாள் ஒன்று வந்தது. பென்சில் எழுத்து, அப்பாவின் சாய்ந்த கையெழுத்து அப்படியே இருந்தது. ‘தேவனாம்பட்டினம். புயலுக்கு மறுநாள் கரையில்.’ தேதி இல்லை.

“பேனா மை ஸ்பிரிட்ல கரைஞ்சிடும். பென்சில் நிக்கும். வாத்தியாருக்குத் தெரிஞ்சிருக்கு.”

புதுத் தாளில் அதையே படியெடுத்து, ‘தேதி இல்லை’ என்றும் எழுதினார். பழைய சீட்டை எடுக்கக் கை நீட்டினேன்.

“அதுவும் உள்ளேயேதான் இருக்கணும்” என்று இரண்டையும் இறக்கிவிட்டு, கழுத்துவரை ஸ்பிரிட் ஊற்றினார்.