பார்க்கக் கிடைக்காத படம்

ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ சினிமாவைப் பற்றி என் தலைமுறையினர் நிறையவே பேசுகிறோம். நான் அதைப் பார்த்ததில்லை. குறுநாவலைப் படித்திருக்கிறேன். ‘ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்க’ளையும் படித்திருக்கிறேன். படம்தான் கைக்கு எட்டவில்லை.

விவரங்கள் தெரிந்தவைதாம். தன் கதையைத் தானே இயக்கி, ஆசிய ஜோதி பிலிம்ஸ் என்ற பெயரில் எடுத்தார். 1964ஆம் வருஷப் படங்களுக்கான தேசிய விருதுகளில் சத்யஜித் ராயின் ‘சாருலதா’ முதலிடம் பெற்றது. மூன்றாவது சிறந்த படம் என்ற நற்சான்றிதழ் இதற்குக் கிடைத்தது. விருதுக்குப் பின்னும் விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை.

ராயின் முதல் படம் ‘பதேர் பாஞ்சாலி’யும் நாவலிலிருந்து வந்ததே. பணமின்றிப் படப்பிடிப்பு நின்றது, மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின, மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து 1955இல் வெளிவந்தது. அந்தக் கஷ்டம் படம் முடிந்ததோடு தீர்ந்தது. ஜெயகாந்தனுக்கோ படம் முடிந்த பிறகுதான் பெரிய கஷ்டம்.

வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்காருகிறவன் என்பதால் இந்த வித்தியாசம் எனக்கு உறைக்கிறது. அடகு வைத்த தங்கம் எத்தனை வருஷம் பெட்டகத்தில் கிடந்தாலும் தங்கம்தான். விற்காத நாவலும் ஏறக்குறைய அப்படியே. ஏதாவதொரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி மிஞ்சியிருக்கும். பிலிம் அப்படியல்ல. கவனிப்பாரற்ற படச்சுருள் டப்பாவுக்குள்ளேயே புளித்த வாடையடித்து, சுருங்கி, அழிகிறது.

நஷ்டம் விமர்சனத்துக்கும்தான். கதையில் வரும் மாணிக்கம் கிளி ஜோசியக்காரன். இங்கே திருவண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது, இப்படியொரு முகத்தைக் காமிரா எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்திருக்கும் என்று யோசிப்பேன். எழுத்தில் உரக்கப் பேசிய ஜெயகாந்தன் காமிராவுக்குப் பின்னால் மௌனமாக இருந்தாரா? வசனம்தான் படத்தைத் தாங்கியதா? பதில் சொல்ல என்னிடம் ஒரு பிரேம்கூட இல்லை.

பார்க்காத படத்தை மகத்தானது என்று சொல்வது சுலபம். மோசமான படம் என்று சொல்லும் உரிமையும் நமக்கு வேண்டும். வியாபார சினிமா ஒரு நல்ல முயற்சியைக் கொன்றுவிட்டது என்று அறுபது வருஷமாகப் புலம்புகிறோம். இந்தப் புலம்பல் நமக்கு வசதியாகவும் இருக்கிறது, பிரதியைத் தேடும் வேலையை அது நம்மிடம் கேட்பதில்லை. எந்தக் காப்பகத்திலாவது, எவர் வீட்டுப் பரணிலாவது ஒரு பிரதி இருப்பது தெரிந்த வாசகர்கள் எழுதினால், லீவு போட்டுவிட்டு வரத் தயாராக இருக்கிறேன்.