புறப்படுமுன் சோதித்துப் பாருங்கள்

2010-இல் ஐபேட் வெளிவந்தபின், சிறு விமானங்களை ஓட்டுகிற பலர் காகித வரைபடக் கட்டுகளுக்குப் பதிலாக அதையே எடுத்துச்செல்லுகிறார்கள். அதை விமானத்தின் கைப்பிடியில் பொருத்துகிறவர், புறப்படுமுன் அப்பிடியை இருபுறமும் முழுவதும் திருப்பி, முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கவேண்டும். ஆகாயத்தில் அது எங்காவது தடுத்தால் உயிருக்கே ஆபத்து. காந்தம் பதித்த உறையோ அருகிலுள்ள திசைகாட்டியைப் பிசகச்செய்யும். 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கென அமைந்த அக்கருவி, கண்ணாடிவழி விழும் வெயிலில் சூடேறிச் செயலிழந்துவிடக்கூடும். ஆகவே விவேகமுள்ள விமானி வேறொரு வரைபடத்தையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறார். இதை எண்ணும்போதெல்லாம் நான் என்னையே கேட்கிறேன்: வழிகாட்டும் என்று நான் அருகில் வைத்துக்கொண்டவை என் கையைத் தடுக்கின்றனவா? நீங்களும் உங்களைக் கேட்டுப்பாருங்கள்.